சுவரில் முளைத்ததும் விளக்கை நாடியதும்

சாலமோன் மன்னரின் ஞானத்தை விவரிக்கும் அரசர் முதல் நூல், அவர் மரஞ்செடிகளைப் பற்றியும் பேசினார் என்று கூறி, அப்பேச்சின் இரு எல்லைகளையும் குறித்துச் செல்கின்றது. ஓர் எல்லை லெபனோனின் கேதுரு மரம். மற்றோர் எல்லை சுவரில் முளைக்கும் ஈசோப்பு. பெருமைக்குக் கேதுரு என்பது எவர்க்கும் விளங்கும். சிறுமைக்குச் சொல்லப்பட்ட அந்த ஈசோப்பு யாது என்பதே நெடுங்காலம் அறிஞரைத் திகைக்க வைத்த வினா.

பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்கு விந்தையானதொரு விடை பிறந்தது. சுவீடன் நாட்டு இயற்கையியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர் ஃபிரெடரிக் ஹாசல்குவிஸ்ட் என்பார், திருநாட்டின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் நேரிற்கண்டு எழுத விரும்பிப் புறப்பட்டார். எருசலேமின் மதில்களில் அவர் கண்ட மிகச் சிறிய பாசி ஒன்றே சாலமோன் குறித்த ஈசோப்பு என்பது அவர் துணிபு. நாடு திரும்ப அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1752ஆம் ஆண்டில், முப்பதாம் வயதில், ஸ்மிர்னா நகரருகே உயிர் நீத்தார். அவர் பட்ட கடனுக்காக அவருடைய குறிப்புகளும் சேகரிப்புகளும் பிடித்து வைக்கப்பட்டன. சுவீடன் அரசி லோவிசா உல்ரிக்கா அக்கடனைத் தீர்த்து அவற்றை மீட்டார். லின்னேயஸ் தம் மாணவரின் குறிப்புகளை 1757இல் நூலாக்கி வெளியிட்டார்.

ஹாசல்குவிஸ்டின் விடையை இன்றைய விவிலிய அறிஞர் ஏற்பதில்லை. பாஸ்கா இரவில் ஈசோப்புக் கொத்தை ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் தோய்த்துக் கதவு நிலைகளில் தெளிக்குமாறு இஸ்ரயேலர் பணிக்கப்பட்டனர். நகக்கண் அளவேயுள்ள பாசியைக் கொத்தாகக் கட்டித் தெளிப்பது எங்ஙனம்? ஆகவே அது நறுமணமுள்ள ஒரு மூலிகைச் செடியே என்பர். எனினும், விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுவரின் முன் குனிந்து பாசியை உற்று நோக்கிய அந்த இளைஞரைத் தவறியவர் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

பாசிக்கு விவிலியத்தில் இவ்வாறு ஐயத்திற்குரிய ஓர் இடம் கிடைத்ததென்றால், அந்துப்பூச்சிக்குக் கிடைத்தது ஐயமற்ற பழி. யோபுவின் நூலிலும் எசாயாவின் நூலிலும், விண்ணுலகில் செல்வம் சேர்க்கச் சொல்லும் ஆண்டவரின் மலைப்பொழிவிலும், அது ஆடையை அரித்தழிப்பது என்ற ஒரே உருவில் வருகின்றது. அங்கே குறிக்கப்படுவது கம்பளியைத் தின்னும் சிறு பூச்சி. தின்பதும் பூச்சியன்று, அதன் புழு. அந்த ஒரு சிற்றினத்தின் குற்றம் அக்குலம் முழுவதன்மேலும் ஏறிவிட்டது. நம் பட்டுத் துணிகளும் பட்டாலான திருவழிபாட்டு உடைகளும் இதே குலத்தைச் சார்ந்த பட்டுப்பூச்சி தந்தவை என்பதை யாரும் நினைப்பதில்லை.

இவ்விரு சிற்றுயிர்களும் மனிதரின் கண்ணிற் பட்ட வரலாற்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதற்கு நம் குமரி மாவட்டத்தில் வாழும் ஓர் அந்துப்பூச்சியையும் ஒரு பாசியையும் எடுத்துக்கொள்வோம்.

பூச்சி, அட்லஸ் என்னும் பேரந்து. சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண். செம்பழுப்பு நிறச் சிறகு ஒவ்வொன்றிலும் செதிலே இல்லாத முக்கோணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. முன்சிறகின் நுனி வளைந்து, கண்ணும் வாயும் வரைந்தாற்போன்ற கோடுகளுடன் பாம்பின் தலையை நினைவூட்டும். மலையாளத்தில் இதனை நாகசலபம் என்பர். சீனரும் பாம்புத் தலைப் பூச்சி என்றே பெயரிட்டனர். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் என்றேனும் ஒரு வீட்டுச் சுவரிலோ மின்கம்பத்திலோ இது வந்து அமர்ந்துவிட்டால் ஊரே கூடும்; அடுத்த நாள் நாளிதழில் 'அதிசய வண்ணத்துப்பூச்சி' என்று படமும் வரும். வண்ணத்துப்பூச்சி அன்று அது. ஆயினும் அந்துப்பூச்சி என்று எழுதினால் அதிசயம் குறைந்துவிடும் போலும்.

பாசிக்கு அந்தப் பேறு இல்லை. அதன் அறிவியற் பெயர் ஹையோஃபிலா இன்வொலூட்டா. சுண்ணாம்புச் சாந்து பூசிய பழஞ்சுவர், கருங்கல், செங்கல், வாய்க்காற்கரை, கிணற்றுக் கட்டு என ஈரம் தங்கும் எந்த இடத்திலும் வளர்வது. உயரம் ஒரு நெல்மணியின் நீளத்தைத் தாண்டுவது அரிது. முற்பெயருக்குக் கிரேக்கத்தில் மழையை விரும்புவது என்றும், பிற்பெயருக்கு இலத்தீனில் உள்நோக்கிச் சுருண்டது என்றும் பொருள். வெயிலில் இலையோரங்களை உள்ளே சுருட்டிக்கொண்டு கரும்பழுப்பாய்க் கிடக்கும். ஒரு மழை விழுந்தவுடன் சில நிமிடங்களிலேயே இலைகளை விரித்துப் பச்சையாகிவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேரப் பெறும் நம் மாவட்டம், மழையை விரும்பும் இச்செடிக்கு வாய்த்த நற்பேறு. உதயகிரிக் கோட்டை மதில் போன்ற கற்சுவர்களும், நம் பங்குகளின் பழைய கல்லறைத் தோட்டச் சுவர்களும் ஆண்டில் இருமுறை பச்சை போர்த்துவது இத்தகைய பாசிகளால்தான்.

இவற்றுக்குத் தமிழ் வைத்த பெயர்களைச் சற்று நோக்க வேண்டும். பாசி என்ற ஒரே சொல் நம்மிடம் படும் பாடு பெரிது. குளத்து நீரில் மிதப்பதும் பாசி. கடலடியில் வளர்வது கடற்பாசி. கறிமசாலையில் இடும் கல்பாசி உண்மையில் பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன். பயற்றிலும் பாசி, கழுத்தில் அணியும் மணியிலும் பாசி. பச்சை என்பதன் அடியாகப் பிறந்த சொல்லாதலின், நிறத்தைச் சொன்னதோடு அது நின்றுவிட்டது. சுவரிலும் மரப்பட்டையிலும் தண்டும் இலையுமாய் வளரும் இச்செடிக் குலத்திற்கென்று தனிச்சொல் பொதுவழக்கில் எழவில்லை. மேல்நிலைப் பள்ளித் தாவரவியலில் ஃபியூனேரியா என்னும் பாசியைப் படம் வரைந்து மதிப்பெண் பெற்றவர் நம்மில் பலர். அவர்களும் வீட்டுச் சுவரில் இருப்பதைப் பாசி என்றுதான் சொல்கிறார்கள், வழுக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டு.

அந்துப்பூச்சியின் நிலையும் அத்துணை மேலானதன்று. விட்டில் என்ற பழஞ்சொல் விளக்கில் விழும் பூச்சியையும் வெட்டுக்கிளியையும் ஒருங்கே குறிக்கும். அந்து என்பது நெல்லையும் அரிசியையும் கெடுக்கும் சிறுபூச்சிக்கு வழங்கி, பின்னர் குலம் முழுமைக்கும் விரிந்தது. விவிலியத்தின் ஆடை அரிப்பான் போலவே, இங்கும் களஞ்சியத்தைக் கெடுத்த ஒன்றின் பெயரே எல்லாவற்றின்மேலும் ஒட்டிக்கொண்டது. தனக்குத் தீங்கு செய்வதற்கு மனிதன் விரைந்து பெயர் வைக்கிறான். பாசி யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

மேனாட்டு அறிவியலிலும் இருவருக்கும் சம நீதி கிடைத்ததில்லை. விலங்குகளுக்குப் பெயரிடும் முறைக்கு இன்றும் தொடக்கமாகக் கொள்ளப்படுவது லின்னேயஸின் 'சிஸ்தேமா நத்தூரே' என்னும் நூலின் பத்தாம் பதிப்பு, ஆண்டு 1758. அந்நூலிலேயே அட்லஸ் இடம்பெற்றுவிட்டது. வானத்தைத் தோளில் தாங்கி நிற்பதாகக் கிரேக்கப் புராணம் கூறும் அரக்கனின் பெயரை அதற்குச் சூட்டினார் அவர். ஹாசல்குவிஸ்டின் பெட்டிகளை மீட்ட அதே அரசி, பூச்சிகளையும் சிப்பிகளையும் பெருந்தொகையாகத் திரட்டி வைத்திருந்தார். அத்தொகுப்பை விவரித்து 1764இல் லின்னேயஸ் நூலே எழுதினார். அழகும் அளவும் அரண்மனைக் கதவைத் திறந்துவிட்டன என்க.

பாசிகளையோ அவர் 'மறைவாக மணம் புரிவன' என்ற பொருளில் தமது இறுதி வகுப்பான இருபத்து நான்காம் வகுப்பில் காளானோடும் பெரணியோடும் சேர்த்து அடைத்துவிட்டார். மற்றைய செடிகளின் பெயரீட்டுக்கு 1753 தொடக்கம். பெரும்பாலான பாசிகளுக்கு மட்டும் அது 1801. அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருப்பை முடித்து வைத்தவர் யொகான் ஹெட்விக் என்னும் மருத்துவர். திரான்சில்வேனியாவில் 1730இல் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த இவர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். பாசிகளிலும் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் உள்ளன என்பதை 1780களில் தெளிவுறக் காட்டினார். பாசியினங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் அவர் இறந்து ஈராண்டு கழித்தே அச்சேறியது. அந்த 1801ஆம் ஆண்டு நூல்தான் இன்றும் பாசிப் பெயர்களின் தொடக்கம்.

நம் சுவர்ப் பாசிக்கு 1819இல் பெயரிட்டவர், பின்னாளில் லண்டன் கியூ தோட்டத்தின் தலைவரான வில்லியம் ஜாக்சன் ஹூக்கர். அயல்நாட்டுப் பாசிகளுக்கென்றே அவர் வெளியிட்ட நூலில் அது ஜிம்னோஸ்டோமம் என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. ஹாசல்குவிஸ்ட் எருசலேமில் கண்ட பாசியும் அக்காலத்தில் இதே ஜிம்னோஸ்டோமத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. பேரினங்கள் பின்னர் பிரிந்தன. ஆனால் இன்றும் அவ்விரண்டும் ஒரே குடும்பத்தவை. சாலமோனின் ஈசோப்பு என்று ஒருவர் தவறாகவேனும் கருதிய செடியின் நெருங்கிய உறவினர் நம் சுவர்களில் வளர்கின்றார்.

இனி நம் பகுதிக்கு வருவோம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அட்லஸ், ஆசியாவின் பிற பகுதிகளில் வாழ்வதினின்று வேறான தனியினம் என்று பிரித்தவர் ஃபிரெடரிக் மூர் என்னும் ஆங்கிலேயர். 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'இலங்கையின் செதிற்சிறகிகள்' என்ற நூலில், இதற்குத் தப்ரபானிஸ் என்று பெயர் சூட்டினார். தப்ரபானே என்பது பண்டைக் கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர். தம்பபண்ணி, தாமிரபரணி என்னும் பெயரின் திரிபே அது என்பது பலரும் ஏற்ற கருத்து. தாமிரபரணி என்றால் நமக்குப் பொருநை மட்டுமன்று. கோதையாறும் பரளியாறும் கூடித் தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கும் குழித்துறை ஆற்றுக்கும் அதுவே பெயர். அவ்வாற்றின் மேற்காடுகளிற் பறக்கும் ஒரு பூச்சி, யாரும் திட்டமிடாமலே, அவ்வாற்றின் பெயரைச் சுமந்து உலக நூல்களில் இடம்பெற்றிருக்கிறது.

மூரின் நூலுக்குப் பின்னால் பேராதனைத் தாவரவியல் தோட்டம் நிற்கின்றது. அதன் வண்ணப் படங்களை வரைந்தவர்கள் தோட்டத்து ஓவியர் ஹார்மானிஸ் டி அல்விஸின் மக்களான வில்லியம், ஜார்ஜ் என்னும் சிங்களச் சகோதரர்கள். படப்பணி நடந்தது தோட்டத்தின் தலைவர் துவெயிட்ஸ் என்பாரின் மேற்பார்வையில். இதே துவெயிட்ஸ்தான் இலங்கையின் பாசிகளையும் திரட்டி, வில்லியம் மிட்டன் என்பவரோடு சேர்ந்து 1870களின் தொடக்கத்தில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர். ஒரே மனிதரின் மேசையில் பூச்சியும் பாசியும் இருந்திருக்கின்றன. பூச்சிக்கு மூன்று தொகுதிகளும் வண்ணப் படங்களும். பாசிக்கு ஓர் ஆய்விதழின் சில பக்கங்கள். மிட்டனோ இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். இந்தியாவையே பாராமல், பிறர் அனுப்பிய உறைகளைப் பிரித்துப் பார்த்து, இந்தியப் பாசிகளைப் பற்றி 1859இல் ஒரு பெருந்தொகுப்பு எழுதி முடித்தார்.

அவ்வுறைகளை அனுப்பியோர் யாவர்? இங்குதான் பாசியின் வரலாறு நமக்கு நெருங்கி வருகின்றது. புதுச்சேரியைச் சார்ந்து பணியாற்றிய பெரோத்தே என்பவர் நீலகிரியில் திரட்டியவற்றை, நெப்போலியனின் படையில் மருத்துவராயிருந்த மொந்தாஞ் 1842இல் விவரித்தார். திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயரோடு உழைத்துப் பின்னர் நீலகிரிக்குச் சென்ற லுத்தரன் போதகர் பெர்ன்ஹார்ட் ஷ்மிட்டும் செடிகளைத் திரட்டி ஜெர்மனிக்கு அனுப்பினார்; மரப்பட்டையில் வளரும் ஒரு பாசி அவருடைய பெயரால் மேக்ரோமிட்ரியம் ஷ்மிடி என்று வழங்குகின்றது. சபை வேறாயினும், மலையேறிக் குனிந்து பார்த்த முதுகு ஒன்றே.

பூச்சிகளுக்கு இத்தகைய தட்டுப்பாடு இருந்ததில்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன் அங்குள்ள அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்து 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகள் அனைத்திற்குமாக நான்கு தொகுதிகள் எழுதினார். தோட்டக்காரர், படைவீரர், காட்டதிகாரி என்று வலை பிடித்தோர் பலர். வலை வீசுவதில் வேட்டையின் இன்பம் இருக்கிறது. பாசி ஓடுவதில்லை, ஆகவே அதைத் துரத்தும் இன்பமும் இல்லை.

இன்பமில்லாத அப்பணியைத் தமிழகத்தில் நெடுங்காலம் செய்தவர் ஒரு குரு. கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் சேசு சபையார் 1895இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவியபோதே இயற்கை வரலாற்றுக் காட்சியகமும் உருப்பெற்றது. அங்கே பயின்றவர்களுக்கும் பயிற்றியவர்களுக்கும் மலையே நூலகம். அருள்தந்தை ஆங்லாட் மலைச் செடிகளை வண்ணத்தில் வரைந்தார். பாசிகளையும் லைக்கன்களையும் எடுத்துக்கொண்டவர் பிரான்சு நாட்டவரான அருள்தந்தை ஜார்ஜ் ஃபோரோ. பழனி மலையின் சோலைகளிலும் ஓடைக்கரைகளிலும் பாறைகளிலும் அவர் திரட்டியவற்றைப் பிரான்சிலிருந்த பொத்தியே டி லா வார்து என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1920களில் 'மதுரைப் பாசிகள்' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்பில் தொடராக வெளியிட்டார். மதுரை என்றது நகரை அன்று, மதுரை மறைத்தளத்தை. வீரமாமுனிவரும் அருளானந்தரும் உழைத்த களத்தின் பெயர் பாசிகளின் முகவரியாகவும் ஆயிற்று! இங்கிலாந்தின் டிக்சனும் பொத்தியேயும் சேர்ந்து ஒரு புதிய பேரினத்திற்கே ஃபோரோவெல்லா என்று பெயரிட்டனர். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய ஃபோரோவின் முழுப் பட்டியல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1961இல் வெளிவந்தது.

பின்னாளில் திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகத்தை 1967இல் தொடங்கிய அருள்தந்தை கே. எம். மத்தேயு, பூக்கும் செடிகளுக்குச் செய்த பெரும்பணியை இவ்வழியின் தொடர்ச்சியாகவே கொள்ள வேண்டும். ஆயினும் தமிழகத் திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர் அச்சகம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைச் சொல்லி முடித்துவிடுகின்றனர். பாசி உறைகளை எண்ணுவோர் இல்லை.

இருவரின் வாழ்வையும் ஒப்பிட்டால் வியப்பு மிகும். அட்லஸின் புழு வாரக்கணக்கில் இலைகளைத் தின்று கட்டைவிரல் பருமனாகின்றது. இலையைச் சுற்றிப் பழுப்புப் பட்டால் கூடு கட்டி, அதைக் காம்போடு இறுகப் பிணைத்துக்கொள்கின்றது. கூட்டை விட்டு வெளிவரும் அந்துக்கோ உண்ண வாய் கிடையாது. புழுவாயிருந்தபோது சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்குள் இணையைக் கண்டு முட்டையிட்டு முடித்தாக வேண்டும். பெண் ஓரிடத்திலிருந்து மணத்தைக் காற்றில் விடுகின்றது; இறகு போன்ற உணர்கொம்புகளால் ஆண் அதை வெகு தொலைவிலிருந்தே அறிந்து பறந்து வருகின்றது.

பாசியில் ஆணணுவுக்குச் சிறகில்லை. மழைநீர்ப் படலத்தில் நீந்திச் சில விரற்கடைத் தொலைவுதான் செல்ல முடியும். மழை பெய்யாவிட்டால் மணமும் இல்லை. (மிகச் சிறிய பூச்சிகளும் சிலந்திப்பேன்களும் இவ்வணுக்களைச் சுமந்து செல்வதை 2006இல் சுவீடன் ஆய்வாளர்கள் சோதனையில் கண்டனர். லின்னேயஸின் நாட்டிலேயே அந்த மறைவுத் திருமணத்திற்குத் தூதர்கள் அகப்பட்டனர்!) நம் சுவர்ப் பாசியில் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள், ஆதலால் அது இலைக்கக்கங்களில் சிறு முகைகளை உண்டாக்கி, அவை நீரோடு சென்று முளைப்பதையே பெரிதும் நம்பியிருக்கின்றது. வேரில்லை, நீர் கடத்தும் குழாயில்லை. பெரும்பாலும் ஓரணுத் தடிப்பேயுள்ள இலை முழுவதுமே அதற்கு வாய். அந்துக்கு வாயே இல்லை. பாசிக்கு உடலெல்லாம் வாய்.

வயதில் பாசி மூத்தது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாசிப் படிவங்கள் கிடைத்துள்ளன. அந்துக் குலத்தின் செதில்கள் ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுப் பழமையான படிவுகளில் ஜெர்மனியில் கண்டெடுக்கப்பட்டதை 2018இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பூக்கள் பெருகுவதற்கு முன்பே இரண்டும் உலகில் இருந்தன. அந்துகளுள் மிகப் பழைய குடும்பம் ஒன்று இன்றும் மெல்லும் தாடையோடு வாழ்கின்றது. அதன் புழுக்கள் சில ஈரப் பாசிகளுக்கும் அவற்றின் உறவுச் செடிகளுக்கும் இடையே வளர்கின்றன. நாம் ஒப்பிடுவதற்கு முன்னரே இவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர்.

உடலெல்லாம் வாயாயிருப்பது பாசிக்கு வலிமையும் ஆபத்தும் ஆகும். காற்றில் வரும் ஈயம், செம்பு முதலிய உலோகத் துகள்களை அது வடிகட்டாமல் ஏற்றுத் தன்னுள் தேக்கிவிடுகின்றது. இதனைக் கண்ட சுவீடன் அறிஞர் 1960களின் இறுதியில் பாசியைப் பிடுங்கிச் சோதித்தே ஒரு வட்டாரத்தின் காற்று மாசினை அளக்கும் முறையை வகுத்தனர். பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் அது பரவிற்று. அந்து பறந்து சென்று வேறோரிடத்தில் பிழைக்கலாம். பாசி இருந்த இடத்திலேயே இருந்து சான்று சொல்கின்றது. நம் மாவட்டத்தின் இரப்பர்த் தோட்டங்களில் இலையுதிர் நோயைத் தடுக்கத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் செம்பு கலந்த மருந்து தெளிக்கும் வழக்கமுண்டு. அத்தோட்டத்து மரப்பட்டைகளின் பாசியையும் அருகிலுள்ள காட்டு மரங்களின் பாசியையும் ஒப்பிட்டுக் கணக்கெடுப்பது நம் கல்லூரி மாணவர் எவர்க்கும் எட்டாத வேலையன்று. ஒரு கைவில்லை, பழைய செய்தித்தாளில் மடித்த உறைகள், பொறுமை ஆகிய மூன்றே தேவை.

அட்லஸின் இடர் வேறு. காடு குறைவது ஒன்று. இரவு குறைவது மற்றொன்று. வாயற்ற அதற்குச் சேமித்த வலிமை ஒரு வாரத்திற்கே போதும். அதனைத் தெருவிளக்கைச் சுற்றிச் சுற்றியே செலவழித்துவிட்டு, விடியலில் கம்பத்தடியில் கிடக்கின்றது. நாளிதழில் வரும் 'அதிசய' படங்களுட் பல இத்தகைய இறுதி நாட்படங்களே. மலையடிவாரச் சிற்றாலயங்களும் கெபிகளும் இரவெல்லாம் வெண்ணிற விளக்கில் மூழ்கியிருக்க வேண்டுமா என்பது யோசிக்கத் தக்கது. திருவிழா நாட்களை நான் சொல்லவில்லை. ஆளில்லாத மற்ற நாட்களைச் சொல்கிறேன்.

பாசிக்கு வரும் நாசம் பெரும்பாலும் பக்தியின் வழியாகவே வருகின்றது. ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளில் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குப் பாசியைப் பாயாகப் பெயர்த்து விரிப்பர். ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாகக் காட்டிலிருந்து எடுக்கப்பட்டதால் சில இடங்களில் அதற்குத் தடையும் விதிக்க நேர்ந்தது. நம்மிடம் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள் வருகின்றது. வடகிழக்குப் பருவமழையில் பாசி மிகப் பசுமையாயிருக்கும் அதே வாரத்தில்தான் நாம் கல்லறைகளைச் சுரண்டிக் கழுவி வெள்ளையடிக்கிறோம். பெயரும் தேதியும் பொறித்த கல்லைத் துலக்குவது இறந்தோர்க்குச் செய்யும் கடன். அதனைத் தவிர்க்கச் சொல்வார் இல்லை. ஆனால் தோட்டத்தின் வெளிச்சுவரையும் ஏன் சுரண்ட வேண்டும்? பழைய சுண்ணாம்புச் சாந்தை உடைத்துச் சிமெண்டு பூசி, அதன்மேல் நெகிழிச் சாயமும் அடித்துவிட்டால், அச்சுவரில் மீண்டும் பாசி பற்றப் பல ஆண்டுகள் ஆகும்.

பூச்சியைக் காப்போர் அதனை ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்து, நாப்தலீன் உருண்டை இட்டு ஓயாமல் காவல் காக்க வேண்டும். இல்லையேல் வேறு பூச்சிகள் வந்து அதனைத் தின்றுவிடும். காத்தாலும் சிறகின் செதில் உதிரும், நிறம் மங்கும். பாசிக்கு ஒரு காகித உறை போதும். டிக்சனின் தொகுப்பு லண்டனிலும் பொத்தியேயின் தொகுப்பு பாரிசிலும் இருக்கின்றன. அத்தகைய உறைகளில் நூறாண்டாக உலர்ந்து சுருண்டு கிடக்கும் பாசியை ஆராய விரும்புவோர் இன்றும் செய்வது ஒன்றே. ஒரு சிறு துணுக்கை எடுத்துக் கண்ணாடித் தட்டில் இட்டு, அதன்மேல் ஒரு சொட்டு வெந்நீர் விடுவர். உயிர் அதில் இல்லை. ஆனால் சிறிது நேரத்தில் இலைகள் ஒவ்வொன்றாக விரிந்து, மலையில் பறிக்கப்பட்ட அன்று இருந்தவாறே நிற்கும்.